பேனரில் ஒரு காலி இடம்

கோவில்பட்டி அச்சுக்கடையில், கண்ணீர் அஞ்சலி பேனரில் சங்கரலிங்கத்தின் மகளுடைய பெயரை அடிக்க இயந்திரம் மறுத்துவிட்டது.

“பூரணிங்கற பேரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தம்னு வருது அண்ணாச்சி,” என்றாள் கடைக்கார ரெஜினா. “கம்பெனிய விக்கும்போது பேரையும் சேர்த்தா குடுத்தீங்க?”

சங்கரலிங்கம் ஆமென்று தலையசைத்தார். மகள் பிறந்த வருடம் தொடங்கிய ஊறுகாய்க் கம்பெனிக்கு அவள் பெயரையே வைத்திருந்தார். அவளுடைய வைத்தியத்துக்காகத்தான் அதை விற்றார்.

“கையால எழுதிக்கிடலாமாம்மா?”

“கம்பெனிக்காரங்க பேனரைப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க அண்ணாச்சி. அவங்க அடிச்ச எழுத்துல மட்டுந்தான் அந்தப் பேரு இருக்கலாம்.”

பெயர் இல்லாத பேனரைச் சுருட்டிக்கொண்டு, எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் பூரணி ஊறுகாய் வாங்கினார்.

கம்பெனி கைமாறிய நாளிலிருந்து, உள்ளூரில் போட்டதைத் தவிர வேறெந்த ஊறுகாயையும் வீட்டுக்குள் விடாதவள் அவர் மனைவி பாக்கியம். அவர் பேனரை விரித்துக் காலி இடத்தைக் காட்டி, பாக்கெட்டை நீட்டியதும் அவள் வாங்கிக்கொண்டாள். கத்தரிக்கோலுடன், கிடத்தியிருந்த மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, பாக்கெட்டில் இருந்த பெயரைச் சுற்றி மெதுவாக வெட்டினாள். ஒரு சுழிகூட அறுந்துவிடக் கூடாதே என்று, எழுத்துக்கு எழுத்து பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்தாள்.