விரிப்பின் மறுமுனை

ஆன்லினுக்குத் தினம் ஒரு வீடு. வழக்கமாக வருகிற நர்ஸம்மா லீவு போட்டால் ஏஜென்சி இவளைக் கூப்பிடும். மூன்று வருஷமாகக் கூடச் சேர்ந்து டீ குடிக்கக்கூட ஆள் கிடையாது.

அன்று வரிச்சிக்குடியில் செல்வநாதன் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். கனத்த உடம்பு. விரிப்போடு தூக்கித்தான் நகர்த்த முடியும். அது இரண்டு பேர் வேலை. வீட்டில் வேறு யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் ஆன்லின் தன் பக்கத்து முனைகளைப் பிடித்துத் தூக்கினாள். எதிர்ப்பக்கமும் சேர்ந்தே உயர்ந்தது.

"ரெண்டு பேருமா வலிக்காம தூக்கிட்டீங்கம்மா," என்றார் செல்வநாதன், எதிர்ப்பக்கம் பார்த்து.

முந்தாநாள் பூவம் ஊரில் ஒரு வீட்டில் படுத்திருந்த அம்மாளும் இதையேதான் சொன்னார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஆன்லின் ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். ஒரு பெண் பக்கத்து சீட்டைக் காட்டி, "உக்காரலாமா?" என்றாள்.

"ஆள் இருக்குங்க," என்றாள் ஆன்லின்.