நாற்பதாவது இருமல்

கூடத்துச் சுவரில் காப்பீட்டு நிறுவனம் மாட்டியிருந்த கருவி எட்டு வயது ஷாலோமியின் இருமலை மட்டும் எண்ணும். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே நுரையீரலை வைரஸ் பிடித்த பிள்ளை அவள். மாதத்தில் நாற்பது இருமலைத் தொட்டால் அடுத்த மாதத்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு நாள் இருந்தது. கருவி முப்பத்தொன்பது என்று காட்டியது.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த தாய்மாமன் சாம்ராஜ் மருமகளுக்குக் குரங்குபோல் முகத்தைக் கோணிக் காட்டினான்.

"வேண்டாம்ணே, சிரிச்சா இருமிருவா," என்றாள் அவள் அம்மா ஜெபசெல்வி.

"எனக்குச் சத்தமில்லாம சிரிக்கத் தெரியும் மாமா," என்ற ஷாலோமி, வாயைப் பொத்திக்கொண்டு மூலைப் பக்கம் திரும்பினாள். தோள்கள் மட்டும் குலுங்கின. வெகுநேரம் குலுங்கின.

"புள்ள சிரிக்குதா, அழுகுதா?" என்று சாம்ராஜ் மெதுவாகக் கேட்டான்.

ஜெபசெல்வி சுவரைப் பார்த்தாள்.

"முப்பத்தொம்பதுலதான் நிக்குது," என்றாள்.