விழித்திருக்க ஒன்று

கிருஷ்ணராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் மூன்று இன்ஜினியர்களிடமும் கத்தினார்: "லாரிக் கம்பெனி முதலாளி மண்டி மொஹல்லா பேட்டையிலிருந்து செய்தி அனுப்பிப் பார்த்துட்டு, ஆர்டரே வேண்டாம்னு போயிட்டார்! அதெப்படி நாம சோதனைக்குக் கொடுத்த மூணு கைக்கருவியும் ஒண்ணாத் தூங்கும்?"

பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சார்ஜ் குறைந்தவை தூங்கலாம். நிறைய இருப்பது விழித்திருந்து, செய்தி வந்ததும் மற்றவற்றை எழுப்ப வேண்டும். ஆளுக்கொரு கருவிக்கு அந்த இன்ஜினியர்கள்தான் மென்பொருள் எழுதினார்கள்.

"என் கருவி எப்பவும் சார்ஜ் கம்மின்னு பொய் சொல்லும் சார்" என்றாள் ரூபா.

"ஹௌது, ஆமா சார், என்னுதும்" என்றான் முரளிதரன். யதுநந்தனும் அதையே ஒப்புக்கொண்டான்.

"திருட்டுக் கூட்டமே! யார் கொடுத்த புத்தி இது?"

ரூபாவும் வெடித்தாள். "நீங்கதான் சார்! யார் கருவியில சார்ஜ் அதிகம் மிஞ்சுதோ, அவங்களுக்குத்தான் ப்ரமோஷன்னு சொன்னீங்களே!"