திகதி இல்லாத முப்பது பெட்டி

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு பர்ஹான் முட்டைகளைத் துடைத்தான், பெட்டிகளில் அடுக்கினான், லேபல் ஒட்டினான். முப்பது பெட்டியிலும் பொதியிட்ட திகதி விடுபட்டதைக் கடை வாசலில்தான் கண்டான். பேனையை எடுத்தான்.

கடைக்காரர் சாலிஹ் பொறுமையிழந்தார். "சனம் காத்து நிக்கிது தம்பி. திகதிய ஆரு பாக்கிற? இறக்குங்க, இல்லாட்டி நாளையிலருந்து வேற ஆள்ட்ட எடுப்பன்."

"ஏலா காக்கா. றிபா விடமாட்டா."

"பொண்டாட்டிக்கு இவ்வளவு பயமா? நான் கதைக்கிறன்."

லேபலில் உற்பத்தியாளர் றிபாவின் பெயருக்குக் கீழிருந்த இலக்கத்தைத் தன் போனில் அழுத்தினார். பர்ஹானின் பைக்குள் மணி அடித்தது.

"அவ மௌத்தாகி அடக்கம் பண்ணி ரெண்டு மாசம், காக்கா."

சாலிஹ் அவனுக்குக் கதிரையொன்றை இழுத்துப்போட்டார். பர்ஹான் முப்பதிலும் எழுதி முடித்தான்.

அன்று அம்புலன்ஸில் ஏற்றும்போது றிபா கடைசியாகச் சொன்னது: "இண்டைக்குத் திகதி போட மறந்திராதீங்க."