மூன்றாவது சுற்று

"இன்னிக்கும் மூணு ரவுண்டுதானா?"

உஷாராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். நல்லம்மாள் அதற்குள் திடலோரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டி விடமாட்டேங்குது அக்கா. நீங்களும் கொஞ்சம் உட்காருங்க. தனியா உட்கார ஒரு மாதிரியா இருக்கு."

"உன்னாலதான் என் பத்து ரவுண்டு டார்கெட் நாசமாப் போவுது" என்று திட்டிக்கொண்டே உஷாராணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

புக்கிட் செந்தோசா ஊரின் 'நடை ராணிகள்' குழுவுக்கு அவர்தான் தலைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் எத்தனை சுற்று நடந்தார்கள் என்று தினமும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். ஆளுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தால்தான் உடம்பு குறையும் என்பது அவர் கட்சி.

அன்றைய பதிவு: "தனேஸ்வரி 8. திலகா 7. நல்லம்மாள் 3, காரணம் முட்டி. நான் 6, நல்லம்மாளைக் கவனிக்க வேண்டியிருந்தது."

குழுவில் சேர்ந்து ஒரு மாதமே ஆன திலகாவுக்கு நல்லம்மாளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று திலகா தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கோல சிலாங்கூருக்குக் கூட்டிப் போயிருந்தாள். அங்கே புக்கிட் மெலாவத்தி குன்றில் எல்லாரும் குரங்குகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மலைப்பாதையில் ஒரு பெண் விறுவிறுவென்று ஓடி ஏறிக்கொண்டிருந்தாள். குரங்குகளே ஒதுங்கி வழிவிட்டன.

நல்லம்மாள்தான்.

திலகா வீடியோ எடுத்தாள். நல்லம்மாள் உச்சிக்குப் போய் இறங்கி, மறுபடி ஏறியதையும் எடுத்தாள்.

மறுநாள் காலை திடலில் விசாரணை நடந்தது. திலகா காட்டிய வீடியோவை உஷாராணி இரண்டு தடவை பார்த்தார்.

"முட்டி வலிக்கு ஞாயித்துக்கிழமை லீவா?"

நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "சோம்பேறித்தனந்தான் அக்கா. மன்னிச்சுக்குங்க."

"மூணு மாசமா என்னையும் சேர்த்து உட்கார வச்சிருக்கே. நாளையிலேருந்து நீ வரவேணாம் லா."

நின்ற இடத்திலேயே அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். போகும்போது நல்லம்மாள் திலகாவிடம் ஏதோ சொல்ல வந்தாள். உஷாராணி பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லாமலே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை உஷாராணி புது வேகத்தோடு வந்தார். "இன்னிக்குப் பத்து. யாரும் தடுக்க முடியாது."

மூன்றாவது சுற்று முடிந்தது. அவர் நிற்கவில்லை. நாலாவதில் பாதி போனதும் பேச்சு நின்றுபோனது. உஷாராணி பேசாமல் நடந்து திலகா பார்த்ததே இல்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா, கொஞ்சம் உட்காரலாமா?"

"ஏன், உனக்கு முடியலையா?"

"எனக்கில்ல, உங்களுக்குத்தான்..."

"எனக்கென்ன கேடு? நட."

திலகாவின் கைப்பேசி அடித்தது. நல்லம்மாள். தயங்கிக்கொண்டே ரெண்டு அடி பின்தங்கி எடுத்தாள்.

"ரோட்டுல கார்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் நல்லம்மாள். "அக்காவ உட்கார வை."

"சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறாங்க."

"அவங்களுக்காகன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. உனக்கு முடியலன்னு சொல்லு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்காங்க திலகா. போன வருசம் மக வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தாங்க. நடக்கணும், ஆனா மூணு ரவுண்டுக்கு ஒரு தடவ உட்காரணும்னு டாக்டர் சொன்னாராம். அவங்க வீட்டுக்காரர் என்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டு நடக்க வர்றதையே விட்டுருவாங்க."

திலகா கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஈரப் புல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, ஷூ கடிக்குது. ஒரு அடி எடுத்து வைக்க முடியல."

அவள் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே உஷாராணி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு சீராவதற்கு ஐந்து நிமிடம் ஆனது. அதுவரை திலகா காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்குச் சரியா நடிக்கக்கூடத் தெரியல" என்றார் உஷாராணி, திடலைப் பார்த்தபடி. "இதுக்கு நல்லம்மாளே தேவல. நாளைக்கு அவளை வரச் சொல்லு."