மஞ்சள் தொப்பி

"மஞ்சளை எடுத்திட்டான்! அறுவான், மஞ்சளை எடுத்திட்டான்!"

குலசிங்கம் போட்ட சத்தத்தில், உடுப்பு மடித்துக்கொண்டிருந்த தவமணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

ரீவியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மேசைக்குப் பின்னால், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் றொய்சன். மேசையில் இரண்டு தொப்பிகள். பச்சைத் தொப்பி குலசிங்கத்தின் மகன் மிதுனன் படிக்கும் பல்கலைக்கழகத்தினுடையது. மஞ்சள், எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தினுடையது. எந்தத் தொப்பியைப் போடுகிறானோ, அந்த அணிக்குத்தான் வருகிற வருடம் விளையாடுவான்.

காலால் உதைக்கிற பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பந்தோடு ஓடுகிறவனை மோதி விழுத்துகிற ஃபுட்போல். மிதுனன் அணியில் சேரும்வரை குலசிங்கத்துக்கு அதில் ஓர் அட்சரமும் தெரியாது. இப்போது மழையோ குளிரோ ஒரு மச் விடமாட்டார். பச்சை ஜக்கெற், பச்சை மஃப்ளர். 'பச்சைப் படை' என்று ஒரு வட்ஸ்அப் குழு. அதற்கு அவர்தான் தலைவர்.

குழுவில் அதற்குள் குரல் பதிவுகள் வந்து குவியத் தொடங்கின.

"அண்ணை, எங்கட தமிழ்ப் பெடியன் எண்டு தூக்கி வச்சு ஆடினம். செய்த வேலையைப் பாத்தியளோ!" இது பத்மநாதன்.

"இஞ்ச ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில வளந்தவன், ஊரை விட்டிட்டு ஓடுறான்." இது வேறொருவர்.

தவமணிக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"படிக்கப்போறதும் அந்தப் பிள்ளை, ஓடி விழப்போறதும் அந்தப் பிள்ளை. உங்களுக்கு ஏனப்பா இரத்தம் கொதிக்குது?"

"உனக்கு உது விளங்காது. உவன் வந்திருந்தால் அடுத்த வருசம் கப் எங்களுக்குத்தான்!"

"மெதுவாக் கதையுங்கோ. மிதுனன் மேல படுத்திருக்கிறான்."

"வீட்டுக்கு வந்தால் பகலிலயும் படுக்கைதான். அவனுக்கும் ரோசமில்லை. பேர்ணடெற்றின்ர நம்பரைத் தா."

றொய்சனின் தாய் பேர்ணடெற்றும் தவமணியும் ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள்.

"தரமாட்டன். நாளைக்கு நான் அவவின்ர முகத்தில முழிக்கவேணும்."

குலசிங்கம் விடவில்லை. பின்னேரம் தவமணியின் போனைத் தானே எடுத்து அடித்து, ஸ்பீக்கரிலும் போட்டார். பேர்ணடெற் சலித்துப்போயிருந்தாள். காலையிலிருந்து இப்படி எத்தனை பேரோ.

"எனக்கு உந்த விளையாட்டு ஒண்டும் தெரியாது அண்ணை. பிள்ளையிட்டயே கேளுங்கோ."

"ஹலோ, அங்கிள்."

"தம்பி, நான் மிதுனன்ர அப்பா. ஏன்ரா இப்பிடிச் செய்தனி? கம்பஸுக்கு வந்து நிண்டு எல்லாத்தையும் சுத்திப் பாத்தனிதானே? கோச் உன்னைத் தாங்கு தாங்கெண்டு தாங்கினார். ஆர் உன்ர மனசைக் கெடுத்தது?"

"ஒருத்தரும் கெடுக்கேல்லை அங்கிள். அங்க விளையாடுற ஒரு அண்ணா உண்மையைச் சொன்னவர். தட்ஸ் ஓல்."

"ஆரவன்? பேரைச் சொல்லு!"

"சொல்லமாட்டன் எண்டு ப்ரொமிஸ் பண்ணினனான்."

"எங்கட ரீமுக்குள்ள இருந்துகொண்டே குழி பறிக்கிறானோ? அவனை ரீமை விட்டுக் கலைக்காமல் விடமாட்டன்!"

றொய்சன் கொஞ்சம் தயங்கினான்.

"அங்கிள், அவருக்குப் போன ஒக்ரோபர் ஒரு மச்சில தலையில அடிபட்டது. எழும்பேக்கை எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சதாம். கோச் விரலைக் காட்டி எத்தினை எண்டு கேட்டவராம். இவர் பிழையாச் சொல்லியிருக்கிறார். கோச் சிரிச்சுப்போட்டு, 'யூ ஆர் ஃபைன்' எண்டு திரும்ப உள்ள அனுப்பிப்போட்டாராம்."

குலசிங்கம் போனை மேசையில் வைத்தார்.

"இப்ப அவரால ஒரு பக்கம் வாசிக்கேலாது. வெளிச்சத்தைப் பாத்தால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமாம். லைக், ரெண்டு பாடத்தை விட்டிட்டார். 'நீயும் இஞ்ச வந்து தலையைக் குடுக்காதை' எண்டு என்னட்டச் சொன்னவர்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டு நின்ற தவமணி போனுக்குக் கிட்ட வந்தாள்.

"பெத்ததுகளுக்குச் சொல்லேல்லையோ?" குலசிங்கத்தின் குரல் இறங்கியிருந்தது.

"சொல்ல மனமில்லையாம். அவர் திரும்ப உள்ள போகேக்கை, அவற்ற அப்பாதான் எழும்பி நிண்டு எல்லாரிலும் பாக்கப் பெரிசாக் கைதட்டினவராம். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்கேலாது எண்டு சொன்னவர்."

"சீ! அவனும் ஒரு தகப்பனோ?" குலசிங்கம் மேசையில் ஓங்கி அடித்தார். "பெத்த பிள்ளைக்கு மண்டை கலங்கிப்போச்சு, இவர் நிண்டு கைதட்டினாராம்! கண் அவிஞ்சு போச்சோ அவனுக்கு? பிள்ளையிலும் பாக்க மச் பெரிசோ? நீ பெடியன்ர பேரைச் சொல்லவேண்டாம் தம்பி. அந்தத் தகப்பன்ர பேரைச் சொல்லு. நான் அவனை நாலு கேள்வி கேக்கிறன்!"

தவமணி அங்கே இல்லை. மாடிக்கு ஓடியிருந்தாள்.

போனில் றொய்சன் மிகவும் மெதுவாகக் கேட்டான்:

"அங்கிள்... மிதுனன் அண்ணாவுக்கு இண்டைக்குத் தலையிடி எப்பிடி?"