இரண்டு கேன் கடல்

“இதுல சாராயம் இல்லைன்னு நான் எப்படி நம்புறது?” என்று கேட்டுக்கொண்டே செக்போஸ்ட் ஏட்டு கேனைத் திறந்து, உள்ளங்கையில் சாய்த்து ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி ரோட்டோரம் துப்பிவிட்டு, லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கடல் தண்ணிங்கய்யா. தூத்துக்குடியிலருந்து கொண்டுவாரேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டீச்சர் மீன் வளக்காங்க,” என்றான் டிரைவர் சமுத்திரம். உப்பு மூட்டைகளுக்கு நடுவே இருந்த எட்டுக் கேன்களையும் பார்த்த ஏட்டு, அந்த டீச்சருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

டீச்சரின் பெயர் ஜெயக்கொடி. பெண்கள் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறவள். போர்டில் கடலை வரைந்து வரைந்து சலித்துப்போய், தொண்ணூற்று நாலாம் வருஷம் வீட்டு முன்னறையிலேயே ஒரு துண்டுக் கடலை வைத்துவிடுவது என்று முடிவெடுத்தாள்.

நாலடிக் கண்ணாடித் தொட்டியும் அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டும் ராஜபாளையத்தில் செய்து வந்தன. தண்ணீருக்குத்தான் வழியில்லை. ஞாயிறுதோறும் ராஜபாளையத்துக்கு உப்பு ஏற்றிப்போகும் லாரியை அவள் அப்பா சங்கையாதான் டீக்கடையில் விசாரித்துப் பிடித்துக் கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றிய மறுநாளே ஆசைப்பட்டு மூன்று மீன்களை விட்டாள். நாலாம் நாள் மூன்றும் மிதந்தன. அடுத்த ஞாயிறு சமுத்திரம் வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

அவன் மீனில்லாத தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனான். மறுவாரம் ஈரச்சாக்கில் சுற்றி நாலைந்து பாசி படிந்த கற்களை இறக்கினான். “மொதல்ல கல்லும் பாசியும் குடியேறணுமாம். மீன் பொறவுதான்னு சங்கு குளிக்கிறவங்க சொல்லுதாங்க, டீச்சர்.”

ஆறு வாரம் தொட்டியில் கல் மட்டும் கிடந்தது. டீச்சர் கல் வளர்க்கிறாள் என்று தெரு சிரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லின் பொந்திலிருந்து மிளகு அளவு நத்தை ஒன்று எட்டிப் பார்த்தது. தரையில் குந்தியிருந்த ஜெயக்கொடியும் சமுத்திரமும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

அதன்பிறகு எல்லாம் கூடிவந்தது. சங்கைச் சுமந்து திரியும் நண்டு ஒன்று வந்தது. நீல மீன் ஒன்று வந்தது. கடைசியாக, பூ மாதிரி விரியும் ஒரு கடல் உயிரும், அதன் மடியிலேயே படுத்துக்கிடக்கும் ஆரஞ்சு நிற ஜோடி மீன்களும் வந்தன. சிரித்த தெரு இப்போது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தது. கரண்ட் போனால் சங்கையா சைக்கிள் பம்பால் தொட்டிக்குக் காற்றடித்தார்.

பழைய தண்ணீரை மாற்ற வாரம் இரண்டு கேன் வேண்டும். தெரு குறுகல் என்பதால் லாரியை முக்கில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லி, சமுத்திரம் கைக்கொன்றாகத் தூக்கி வருவான். டிரைவர், கண்டக்டர் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிடுகிற ஜெயக்கொடி, அவனை மட்டும் எப்படியும் கூப்பிடாமல் சமாளித்தாள்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. அதற்குள் இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்திருந்தாள். தொட்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பது அவள் சொன்ன காரணம். சங்கையாவுக்கு எரிச்சல். போதாததற்கு, பின்வாசலில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த முருங்கை வேறு ஏனென்றே தெரியாமல் பட்டுப்போயிருந்தது.

மூன்றாவதாக விருதுநகரிலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை வந்தான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலையில், கூட வேலை பார்க்கும் டீச்சரின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்காக ஜெயக்கொடி மம்சாபுரம் டவுன்பஸ்ஸில் ஏறினாள். முன்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் டிரைவரின் பின்னந்தலை கண்ணில் பட்டது. காக்கிச் சட்டையில் சமுத்திரம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்டக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். இந்த டிரைவர் வந்து பத்து மாசமாகிறது, உப்பு லாரியை அப்போதே விட்டாயிற்று என்றார் அவர். “தங்கமான ஆளு. ஞாயித்துக்கெழம லீவுல மட்டும் தவறாம ரெண்டு கேனத் தூக்கிக்கிட்டு மொத பஸ்ஸுல தூத்துக்குடிக்கு ஓடிருதாரு. என்னத்துக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாரு.”

மம்சாபுரத்தில் எல்லோரும் இறங்கும்வரை ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். பிறகு டிரைவர் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றாள். சமுத்திரத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“லாரி முக்குல நிக்கின்னு சொன்னீங்க.”

அவன் ஸ்டியரிங்கையே பார்த்தான். “லாரிய விட்டுட்டேன்னு சொன்னா, தண்ணி கொண்டார வேண்டாம்னு சொல்லிருவீங்க. பொறவு நான் எதச் சொல்லி உங்க வீட்டுக்கு வர?”

மாசத்துக்கு நாலு தடவை, போக வர இரண்டு பஸ் மாறி, இரண்டு கைகளிலுமாக நாற்பது லிட்டர். அவள் அவன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். கைப்பிடி அழுத்திய தழும்பு இரண்டிலும் கோடாகக் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதில் சொல்ல வேண்டிய சாயங்காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

“தொட்டிக்கு வேண்டிய தண்ணிய ஸ்கூல் லேப்ல உப்பு போட்டு நானே கலந்துக்கிடுதேன்,” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. “நீங்க கொண்டாந்த தண்ணிய அதுல ஊத்தி ஆறு மாசமாச்சு. அத்தனையும் பின்வாசல் முருங்கை மூட்டுலதான் போச்சு.”